தூணில்லாக் கூடம்

நடுச்சுவரை இடித்த பதினோராம் நாள் காலையில், காப்பித் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்த மைமூனா தலையைக் குனிந்தாள். குனிய வேண்டிய அவசியமே இல்லை. மச்சு ஏழு முழ உயரத்தில் இருந்தது. அவள் தோள்மேல் இன்னொருத்தி ஏறி உட்கார்ந்தாலும் இடிக்காது. ஆனாலும் கழுதைக் கொட்டிலுக்குள் போகிறவள் மாதிரி கழுத்து தானாக மடங்கியது.

முற்றத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் ஃபமாவு அதைப் பார்த்துவிட்டார்.

"என்னடி, சொந்த வீட்டுக்குள்ள திருடி மாதிரி குனிஞ்சு போற?"

"மச்சு இறங்கியிருக்குங்க."

"எது?"

"மச்சு. நேத்தைக்கு இன்னைக்கு இறங்கியிருக்கு."

அவர் சிரித்தார். முப்பது வருஷம் பாய்மரக் கப்பலில் நகுதாவாக, கப்பல் தலைவராக இருந்தவருக்குச் சின்னதாகச் சிரிக்கத் தெரியாது. அவர் சிரித்தால் படகுத்துறையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். "கேட்டுக்கங்கப்பா, என் வீட்டுக் கூரை நடக்கக் கத்துக்கிச்சாம்!" என்று வாசலில் போன யாரிடமோ சொல்லி மறுபடி சிரித்தார். மைமூனாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கென்யக் கரையோரத் தீவான லாமுவில் பழைய வீட்டு அறைகள் எல்லாமே ஒடுக்கம். எவ்வளவு பெரிய வியாபாரி கட்டினாலும் அறையின் அகலம் ஆறு முழத்தைத் தாண்டாது. மச்சைத் தாங்குவது சதுப்பில் வளரும் கண்டல் மரத்தின் கழி, அந்தக் கழியால் அதற்குமேல் நீட்டிப் பாரம் சுமக்க முடியாது. சுவரிலிருந்து சுவருக்குக் கழிகளை நெருக்கி அடுக்கி, அவற்றின் மேல் பவளக்கல் சில்லும் சுண்ணாம்பும் கொட்டி அடிப்பார்கள். கீழேயிருந்து பார்த்தால் அது மச்சு, மேலே ஏறி நின்றால் மொட்டைத் தளம். அறை நீளமாய், ஒடுக்கமாய், உயரமாய் இருக்கும். முந்நூறு வருஷமாக அப்படித்தான் வாழ்ந்தார்கள், ஒருவருக்கும் மூச்சு முட்டியதாகத் தகவல் இல்லை.

ஃபமாவுவுக்குத்தான் முட்டியது. கப்பல் தொழில் படுத்த பிறகு அவர் பக்கத்து ஊரான ஷேலாவுக்குச் சுற்றுலா விருந்தாளிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்வந்தார். அங்கே வெளிநாட்டுக்காரர்கள் பழைய வீடுகளை வாங்கி, நடுச்சுவர்களைத் தட்டிவிட்டு, ஒரே கூடமாக ஆக்கியிருந்தார்கள். இந்தக் கோடியில் சமையல், அந்தக் கோடியில் கட்டில், நடுவில் ஊஞ்சல். அதைப் பார்த்த நாளிலிருந்து சொந்த வீடு அவருக்குச் சட்டை சிறுத்த மாதிரி ஆகிவிட்டது. மகள் ஸுலேகாவின் நிக்காஹ் நிச்சயமானதும் சொல்லிவிட்டார்: ஊரில் எல்லாரும் கல்யாணத்துக்கு அக்கம்பக்கத்து வீடுகளைக் கேட்டு வாங்குகிறார்கள், என் மகள் கல்யாணம் என் கூடத்திலேயே நடக்கும்.

முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவே இருந்த சுவர்தான் இரண்டு பக்கத்துக் கழிகளையும் சுமந்துகொண்டிருந்தது. அதில் பத்து முழ நீளத்தை எடுத்துவிட்டு எதை வைப்பது? ஷேலாக்காரர்கள் மொம்பாசாவிலிருந்து இரும்பு உத்திரம் கொண்டுவந்தார்கள். ஃபமாவு கடற்கரையிலிருந்து தன் பழைய கப்பலின் பாய்மரத்தைக் கொண்டுவந்தார். "இருபத்திரெண்டு வருஷம் வாடைக் காத்துல நிமிர்ந்து நின்ன மரம். ஒரு வீட்டுக் கூரையைத் தாங்காதா?" காற்று பக்கவாட்டில் தள்ளுவது ஒன்று, கூரை படுத்த மரத்தின் முதுகில் இரவும் பகலும் உட்கார்ந்திருப்பது வேறொன்று. அது கழுதை ஓட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். ஆனால் மரத்தைப் பற்றி ஒரு நகுதாவிடம் வாயைத் திறக்கிற ஆள் அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

ஊரே வந்து பார்த்தது. "தூணே இல்லையே நகுதா!" என்று வாய் பிளந்தது. அந்த வார்த்தையை அவர் அல்வாத் துண்டு மாதிரி வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தார்.

அன்று பகலில் கொத்தனார் ஷெபுவானா வந்தபோது ஃபமாவு அவரைக் கூப்பிட்டு, "என் பொண்டாட்டிக்கு மச்சு இறங்குதாம், கொஞ்சம் வைத்தியம் பாருய்யா" என்றார்.

ஷெபுவானா நல்ல கொத்தனார், பேச்சுக்காரர். கூடத்தின் நடுவில் கைகளை விரித்துக்கொண்டு விளக்கினார். "அக்கா, அறை ஒடுக்கமா இருந்தா கண்ணு மேல போகும். அகலமா ஆக்கிட்டா கண்ணு பரந்துடும். அதே ஏழு முழம்தான், ஆனா உங்களுக்கு அஞ்சு முழமாத் தோணும். பெரிய கூடம்னாலே மச்சு தாழ்வாத்தான் தெரியும். ஷேலாவுல எல்லா வீட்டுப் பொம்பளைங்களும் மொத மாசம் இதையேதான் சொன்னாங்க."

"அளந்து காட்டுங்க."

டேப்பை எடுத்து அளந்தார். ஏழு முழத்துக்கு இரண்டு விரற்கடை குறைவு.

"ரெண்டு விரல் எங்க போச்சு?"

"தரைக்குப் புதுசாக் காரை பூசினோம்ல, அதுக்குப் போச்சு."

ஃபமாவு தொடையைத் தட்டினார். ஸுலேகாகூட உள்ளேயிருந்து சிரித்தாள். கொத்தனார் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அறை அகலமானால் மச்சு தாழ்வாகத் தெரிவது உண்மைதான். மைமூனாவும் அதை ஏற்றுக்கொண்டுதான் அடுப்படிக்குப் போனாள். மீனைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அவர் நடுக்கூடத்தில் நின்று பேசினார். அளந்தது சுவரோரத்தில்.



மறுநாள் ஆண்கள் தொழுகைக்குப் போன நேரத்தில் அவள் கொல்லையில் கிடந்த மெல்லிய கழிகள் இரண்டைக் கொண்டுவந்தாள். ஒன்றைச் சுவரோரத்தில் தரைக்கும் மச்சுக்கும் நடுவே நிறுத்தி, நகக்கண் அளவு இடைவெளி இருக்கும்படி வெட்டினாள். இன்னொன்றை நடுக்கூடத்தில் பாய்மரத்துக்கு நேர்கீழே அதேபோல வெட்டி நிறுத்தினாள். இரண்டும் தொட்டால் விழுகிற மாதிரி தளர்வாக, மேலே ஒரு துணுக்குத் துணி செருகியதால் மட்டும் நின்றன. யாராவது கேட்டால் கல்யாண ஜோடனைக்குத் துணி கட்டப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சாயந்தரம் வந்து சுவரோரக் கழியைத் தொட்டாள். விழுந்தது.

நடுக்கழியைத் தொட்டாள். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அடித்து இறுக்கிய ஆப்பு மாதிரி நின்றது.  பயம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும், கணவர் புயலில் மாட்டிய இரண்டு தடவை அதை அனுபவித்திருக்கிறாள். அது தூரத்துப் பயம். இது அவள் சோறு போடுகிற இடத்தில், மகள் முடி உலர்த்துகிற இடத்தில், தலைக்கு நேர்மேலே இருந்தது.

அடுத்த நாள் காலையில் அந்தக் கழி வில்லாக வளைந்திருந்தது.

கணவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். அவர் கூடத்து வாசற்படியில் நின்று பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"பச்சைக் கழி. மழைக்கால ஈரத்துல மரம் வீங்கத்தானே செய்யும்."

"அந்தச் சுவரோரத்துக் கழியும் இதே கட்டுலேருந்து எடுத்ததுதான். அது ஏங்க வீங்கல?"

 அவர் கதவோரம் சாத்தியிருந்த படகுக் கழியை எடுத்து, படியில் நின்றபடியே நடுக்கழியை ஓர் இடி இடித்தார். அது துப்பாக்கி மாதிரி வெடித்து ஓடி எதிர்ச்சுவரில் மோதியது.

"ஒரு தூண் வெச்சுடலாங்க. ஒண்ணே ஒண்ணு. நடுவுல."

"தூணா?" குரல் தாழ்ந்தது. "ஊரே வந்து பாத்துட்டுப் போயிருக்கு. இப்பப் போய்த் தூண் நட்டா என்ன சொல்லுவான்? ஃபமாவுவோட பாய்மரம் சாஞ்சிருச்சும்பான். என் கப்பல் மரத்துக்கு முட்டுக் கொடுத்தாங்கற பேச்சு எனக்கு வேணாம். வியாழக்கிழமை தளம் அடிக்கிறாங்க, வெள்ளிக்கிழமை நிக்காஹ். அதுவரைக்கும் இந்தப் பேச்சு உன் வாயிலேருந்து வரக்கூடாது."

வியாழக்கிழமை என்றதும்தான் அவளுக்குத் தலை சுற்றியது. ஃபமாவு குடும்பத்தில் ஒரு வழக்கம். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் முந்தின நாள் மொட்டைத் தளத்துக்குப் புதுச் சுண்ணாம்பு போட வேண்டும். ஊர்ப் பெண்கள் நாற்பது பேர் மேலே ஏறி, வரிசையாகக் குந்தி, பாட்டுப் பாடிக்கொண்டு கட்டையால் அடித்து இறுக்குவார்கள். கல்யாணப் பெண் கையிலும் காலிலும் மருதாணியோடு அதற்கு நேர்கீழே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். பாட்டு முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது. அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்களும் பிறந்தவர்களும் எல்லாருமே அப்படி உட்கார்ந்தவர்கள்தான். மைமூனாவும் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அப்போது தலைக்கு மேலே ஆறு முழ அகல மச்சும் இரண்டு பக்கமும் கல்சுவரும் இருந்தன.

அன்று முதல் அவள் மச்சோடு கணவரையும் கவனிக்க ஆரம்பித்தாள்.

அவர் தன் படுக்கைப் பாயை, ஜிலுஜிலுவென்று காற்று வருகிறது என்று சொல்லி, வாசல் நடைக்கு மாற்றியிருந்தார். எப்போதிருந்து? சுவர் போன நாலாம் நாளிலிருந்து. காப்பியை முற்றத்தில் குடித்தார். சோற்றுத் தட்டை அடுப்படிக்கே கேட்டு வாங்கினார். கூடத்தைக் கடக்க வேண்டி வந்தால் நேராக நடக்கவில்லை. சுவரை ஒட்டி, மாடங்களில் விரல் படப் படப் போய், மூலையில் திரும்பி, அடுத்த சுவரை ஒட்டிப் போனார். தேங்காய்ப்பால் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபோது மைமூனாவுக்கு விளங்கிவிட்டது. அவ்வளவு நாளும் அவள் பயந்தது தனக்கு மட்டும் தெரிந்ததற்காக. இவருக்கும் தெரியும்.

புதன்கிழமை முற்பகலில் கறுப்பு அங்கியான புய்புயியைப் போட்டுக்கொண்டு கடற்கரைச் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனாள். ஷெபுவானா குழியில் சுண்ணாம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். நாளைக்கு அவள் வீட்டுத் தளத்துக்குப் போகிற சுண்ணாம்பு.

"கொத்தனாரே, நடுவுல ஏன் அளக்கல?"

அவர் மண்வெட்டியை நிறுத்தவில்லை. "எல்லாம் ஒண்ணுதானக்கா."

"ஒண்ணில்ல. நான் கழி வெச்சுப் பாத்துட்டேன். அந்த மரத்துல என்ன இருக்கு?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு குழியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மரத்தோட அடிப்பக்கம் கப்பல் தண்ணியில நின்னு மக்கிப்போயிருந்துச்சு. அதை அறுத்துத் தள்ளிட்டோம். அறுத்ததும் நீளம் பத்தல. அதனால நுனியை அறுக்காம வெச்சோம். நுனியில பாய்க்கயிறு ஓடறதுக்கு ஒரு தொளை இருக்கும்ல, கையை விடற அளவுக்கு. அது இப்ப சுவருக்குள்ள போகாம, மூணு முழம் கூடத்துக்குள்ள நிக்குது. நான்தான் காரை வெச்சுப் பூசினேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? பூசச் சொன்னதே நகுதாதான். பொம்பளைங்க காதுக்குப் போகவேணாம், பயப்படுவாங்கன்னாரு."

"மேல எவ்வளவு கனம்?"

"தளமா? ஓரத்துல நோண்டிப் பாத்தேன். மூணு சாண்."

மூன்று சாண்! ஒரு சாண் இருக்க வேண்டிய இடத்தில். ஒழுகினால் எங்கே ஒழுகுகிறது என்று தேடுவது அந்த ஊரில் கௌரவக் குறைச்சல், மேலே இன்னொரு படை போட்டு மூடிவிடுவார்கள். கல்யாணத்துக்கு ஒரு படை, பேறுகாலத்துக்கு ஒரு படை, ஒழுகினதுக்கு ஒரு படை. தாத்தாமார்கள் காலத்திலிருந்து போட்ட அத்தனை படையும் அங்கேதான் இருந்தது, எதையும் யாரும் பெயர்த்தெடுத்ததில்லை.

"நாளைக்குச் சுண்ணாம்பு தரமாட்டேன்னு சொல்லுங்க."

"அக்கா, நகுதா நிறுத்துன்னா நிறுத்தறேன். நானா நிறுத்தினா நான் வெச்ச மரம் கோணல்னு நானே சொன்ன மாதிரி. அப்புறம் இந்த ஊர்ல எவன் எனக்கு வேலை கொடுப்பான்?"

"உமக்கு வேலை போகும். எனக்குப் பொண்ணு போகும்."

அவர் மறுபடி கிளற ஆரம்பித்தார். மைமூனா நின்று பார்த்தாள். அவர் நிமிரவில்லை.

திரும்புகிற வழியில் தோயாவின் வீடு. தளம் அடிக்கிற பெண்களுக்குப் பாட்டு எடுத்துக் கொடுப்பவள் தோயா. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தோயா மஹம்ரிப் பணியாரத்தை எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அடி மைமூனா, நான் ஏறினா எந்தக் கூரைதான் நடுங்காது? கல்யாண வீட்டு அம்மாக்காரிக்கு இது வரும். என் மூத்தவ கல்யாணத்துல எனக்குக் கிணறு பொங்கற மாதிரி இருந்துச்சு. மஹம்ரி தின்னு."

"விளையாடல தோயா."

"நகுதாவே சும்மா இருக்காரு. அவர் பொண்ணு இல்லையா அது? பெத்தவன் தெரிஞ்சே உக்கார வைப்பானா?"

 மைமூனா மஹம்ரியைத் தின்னாமல் தட்டிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

வியாழக்கிழமை காலையில் கழுதைகள் வரிசையாக வந்தன. ஈரச் சுண்ணாம்பைக் கூடை கூடையாக மேலே ஏற்றினார்கள். பெண்கள் கலகலவென்று வெளிப்படிக்கட்டில் ஏறினார்கள். ஸுலேகா நடுக்கூடத்தில் புதுப்பாயில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையிலும் பாதத்திலும் மருதாணி ஈரம் காயவில்லை. வைத்துவிட்ட பெண்களும் பாட்டு ஆசையில் மேலே ஓடிவிட்டார்கள்.

"ஸுலேகா, சுவரோரமா வந்து உக்காரு."

"ஏம்மா?"

"மச்சு தாங்காதுடி. சொன்னா வா."

"கால்ல மருதாணி. அதோட, ஓரத்துல உக்காந்தேன்னு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லுவாளுங்க. உங்களுக்கு என்னம்மா ஆச்சு? ஒரு வாரமா மேலயே பாத்துட்டுத் திரியறீங்க."

மைமூனா கூடத்து வாசலுக்கு வந்தாள். வாசல் நடையில் ஆண்கள் பதினைந்து பேர் காப்பிக் குவளையோடு இருந்தார்கள். நடுவில் ஃபமாவு, வெள்ளைக் கன்ஸு அங்கியும் தையல் தொப்பியும். அவளுக்கு ஒரே வழிதான் தோன்றியது. எதற்குப் பயந்து அவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறாரோ அந்த ஊர்ப் பேச்சையே எடுத்து அவர் முன்னால் வைப்பது. எத்தனை பேர் பார்த்தாலும் அந்த மரத்தின் கீழே வந்து உட்கார அவருக்குத் தைரியம் வராது. வாசலோடு நின்றுவிடுவார். நின்றால் எல்லாருக்கும் விளங்கிவிடும்.

"நகுதா!" என்று சத்தமாகக் கூப்பிட்டாள். கணவரை ஆண்கள் முன்னால் அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. பேச்சு நின்றது. "உங்க பொண்ணு தனியா உக்காந்திருக்கா. பாட்டு முடியறவரைக்கும் நீங்களும் அவ பக்கத்துல, நடுக்கூடத்துல உக்காருங்க. நானும் உக்காரறேன். தூணில்லாக் கூடத்துல மூணு பேருமா உக்காருவோம்."

யாரோ ஒருவர், "நியாயம்தானே, போங்க நகுதா" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஃபமாவு அவளைப் பார்த்தார்.  எழுந்தார். வாசலைத் தாண்டினார். சுவரை ஒட்டி இரண்டடி வைத்தார். பிறகு திரும்பி, நேராக நடுக்கூடத்துக்கு நடந்து, மகளின் பாயில் உட்கார்ந்தார்.

 இதை மைமூனா நினைத்தே பார்க்கவில்லை. சொன்ன சொல்லை விழுங்க முடியாமல் அவளும் போய் மகளின் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

மேலே தோயா பாட்டு எடுத்தாள். நாற்பது கட்டைகள் ஒன்றாக விழுந்தன.

கூடம் முழுக்க அதிர்ந்தது. பாயில் வைத்திருந்த ரோஜாத் தண்ணீர்ச் செம்பு நகர்ந்தது. கழிகளின் இடுக்கிலிருந்து வெள்ளைத் தூசு இறங்கி ஸுலேகாவின் முக்காட்டிலும் ஃபமாவுவின் தொப்பியிலும் படிந்தது. மறுபடி கட்டைகள் விழுந்தன. மறுபடி. மைமூனா உதட்டுக்குள்ளே ஓதிக்கொண்டிருந்தாள், எந்த ஓதல் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒவ்வோர் அடிக்கும் அவள் கண் தானாக மூடியது. கல்யாணப் பெண் மட்டும் சந்தோஷமாகத் தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரிக்கலாங்க," என்று மைமூனா மகளின் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தாள். "உங்க காலைப் பிடிக்கறேன்."

"உக்காரு. வாசல்ல பாத்துட்டிருக்காங்க," என்றார் அவர், உதடு அசையாமல்.

ஸுலேகா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அப்பா, உங்க முட்டி ஏன் இப்படி ஆடுது?"

அவர் பதில் சொல்வதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. கரும்பைப் பல்லால் கடித்து ஒடிக்கிற மாதிரி, பாய்மரத்தின் ஒரு கோடியிலிருந்து. பூசியிருந்த காரைத் துண்டு ஒன்று பெயர்ந்து பாய்மேல் விழுந்தது. அது பெயர்ந்த இடத்தில் கருப்பாய் ஒரு தொளை தெரிந்தது.

மைமூனா மகளின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். இருபது வயதுப் பெண்ணை எப்படித் தூக்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. மருதாணி தரையெல்லாம் இழுபட, சுவரோரம் கொண்டுபோய், அங்கிருந்து வாசல் வழியாக முற்றத்தில் தள்ளினாள். திரும்பிப் பார்த்தால் ஃபமாவு இன்னும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திரிங்க! மேல நாப்பது பேர் இருக்காங்க!"

அப்போதுதான் அவருக்கு உயிர் வந்தது. பாய்ந்து வெளியே வந்தார், படிக்கட்டில் ஏறினார். நகுதாவின் குரல் பாட்டையும் கட்டைச் சத்தத்தையும் வெட்டிக்கொண்டு வந்தது. "நிறுத்துங்க! யாரும் குதிக்காதீங்க, ஓடாதீங்க! நடுவுல வராதீங்க. சுவரோரமா, சுவரோரமா நடந்து இறங்குங்க!"

ஆண்கள் குவளைகளைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். மைமூனா படியடியில் நின்று ஒவ்வொருத்தியாக எண்ணினாள். ஒருத்தி இறங்கி முடிப்பதற்குள் ஒரு யுகம் போனது. உள்ளே மரம் முனகுவது வெளியே கேட்டது. பத்து. பதினேழு. ஒருத்தி செருப்பை மறந்துவிட்டேன் என்று திரும்பப் போனாள், ஃபமாவு அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். முப்பத்தொன்று. தோயா கடைசியில் வந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவள் பேசாமல் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஃபமாவு.

எல்லாரும் சந்துக்கு வந்து நிற்பதற்குள் கூரை இறங்கியது. ஒரே அடி. தரை குலுங்கியது. வாசல் வழியாக வெள்ளைப் புழுதி வெளியே பாய்ந்து வந்து எல்லாரையும் மூடியது. எதிர்வீட்டுக் கழுதை கத்தியது. பிறகு வெகுநேரம் எல்லாரும் இருமினார்கள்.

புழுதி கொஞ்சம் அடங்கியபோது பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தொட்டுப் பார்த்துக்கொண்டு அழுதார்கள். ஒருவருக்கும் சிராய்ப்புக்கூட இல்லை. யாரோ ஃபமாவுவின் கையைப் பிடித்து, "நீங்க கத்தாட்டி இன்னைக்கு நாப்பது ஜனாஸா தூக்கியிருப்போம் நகுதா" என்றார். ஷெபுவானா தூரத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

தோயா முகத்துப் புழுதியைக் காங்காத் துணியின் முனையால் துடைத்தாள். "அது சரி. சுவரோரமா நடக்கச் சொன்னீங்களே. நடுவுலதான் போகும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

 ஃபமாவு தொப்பியைக் கழற்றித் தட்டினார். மறுபடி தட்டினார்.

"தெரியும்," என்றார். "மரத்துல தொளை இருந்துச்சு. மொத நாளே தெரியும்."

ஸுலேகா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருதாணி அவள் காலில் சேறு மாதிரி அப்பிக் கிடந்தது. "தெரிஞ்சேவாப்பா என்னை அங்க உக்கார வெச்சீங்க?"

அவர் மகளை நேராகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார்:

"அதனாலதானேம்மா நானும் வந்து உன் பக்கத்துல உக்காந்தேன்."

அதை அவர் நல்ல பதில் என்றே நினைத்தார். கூட்டத்தில் ஒன்றிரண்டு ஆண்கள் தலையைக்கூட ஆட்டினார்கள். மைமூனா அவரைப் பார்த்தாள். இருபத்து நாலு வருஷம் இந்த மனிதர் பக்கத்தில் படுத்திருக்கிறாள். இத்தனை நாளும் மரத்துக்கும் சுண்ணாம்புக்கும் நடுங்கினாள், இப்போது வந்த நடுக்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்வதைவிட மூன்று பேருமாகச் செத்துப்போவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தோயா, இன்னைக்கு உன் வீட்டுல தங்கிக்கலாமா?"

"இதென்ன கேள்வி, வாங்க," என்ற தோயா ஃபமாவுவை ஒரு தடவை பார்த்தாள். "மூணு பேருக்கும் பாய் போடச் சொல்றேன்."

"ரெண்டு பேருக்கு," என்றாள் மைமூனா.